பேர்போன் மினி பிசி வாங்கலாமா? குடியாத்தம் வாசகருக்குப் பதில்

கேள்வி: குடியாத்தத்தில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, ஆன்லைன் விண்ணப்பம், கொஞ்சம் டேலி வேலை. இருக்கும் டெஸ்க்டாப் மூன்றாம் தலைமுறை ஐ3. ரேம் 4 ஜிபி இரண்டு, ஹார்ட் டிஸ்க் 500 ஜிபி, மானிட்டர் விஜிஏ, விண்டோஸ் 10. இப்போது ரொம்பவே மெதுவாகிவிட்டது. சென்னை ரிச்சி தெருவில் ஐ3-1215யூ போட்ட பேர்போன் மினி பிசி இருபத்தோராயிரம் சொல்கிறார்கள். பழைய கம்ப்யூட்டரின் ரேமையும் ஹார்ட் டிஸ்க்கையும் அதில் போட்டுக்கொள்ளலாம் என்று தம்பி சொல்கிறான். மகள் காலேஜுக்காக 2021-ல் வாங்கிய லேப்டாப் ஒன்றும் டிஸ்ப்ளே உடைந்து, போர்டும் போய், சும்மா கிடக்கிறது. என் கையில் முப்பதாயிரம்தான். கடை ஆஸ்பெஸ்டாஸ் சீட் போட்டது, மே மாதம் உள்ளே உட்கார முடியாது. வாங்கலாமா?

பதில்:

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் லேப்டாப் விஷயம்தான் இதில் முடிவு செய்யப்போகிறது. தம்பி சொன்னபடி பழைய டெஸ்க்டாப்பிலிருந்து ரேமோ ஹார்ட் டிஸ்க்கோ மினி பிசிக்குள் போகாது. ஆனால் லேப்டாப்பில் இருப்பது போகக்கூடும். அதனால் ரிச்சி தெருவுக்கு ரயில் ஏறுவதற்கு முன்னால் அந்த லேப்டாப்பைத் திறந்து பாருங்கள். உள்ளே சரியான ரேமும் எஸ்எஸ்டியும் (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான சிப் டிஸ்க்) இருந்தால் இந்தப் பேர்போன் உங்களுக்கு நல்ல கொள்முதல். இல்லையென்றால் முப்பதாயிரத்துக்குள் முடியாது, வேறு வழி பார்ப்பது நல்லது.

பேர்போன் என்றால் பெட்டி, மதர்போர்டு, அதிலேயே பற்றவைத்த பிராசசர், அதற்கான ஃபேன், அடாப்டர், பெரும்பாலும் ஒரு வைஃபை கார்டு. அவ்வளவுதான். ரேம், எஸ்எஸ்டி, விண்டோஸ், கீபோர்டு, மவுஸ் எதுவும் வராது. சில மாடல்களில் அடாப்டரைச் சுவரில் சொருகும் மூன்று முள் ஒயர்கூடப் பெட்டிக்குள் இருக்காது, அதையும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

பழைய ரேம் ஏன் போகாது என்றால், அது டிடிஆர்3, நீளமான டெஸ்க்டாப் வகை, ஏறக்குறைய 13 சென்டிமீட்டர். மினி பிசியில் இருப்பது லேப்டாப்புக்கான சோடிம் ஸ்லாட், அதில் பாதி நீளம். சைஸ் மட்டும் பிரச்சினை இல்லை. டிடிஆர்3 1.5 வோல்ட்டிலும் டிடிஆர்4 1.2 வோல்ட்டிலும் டிடிஆர்5 1.1 வோல்ட்டிலும் ஓடுபவை. ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று உட்காராதபடி நடுவில் இருக்கும் வெட்டையே இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான்: உங்களுடையது 3.5 அங்குலம், மினி பிசியில் இடம் இருந்தாலே அது 2.5 அங்குலத்துக்கு, அதுவும் 7 மில்லிமீட்டர் தடிமன் உள்ளதற்குத்தான். 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தனியாக வேண்டும். சொந்த அடாப்டரோடு வரும் யூஎஸ்பி டாக்கில் வைத்துப் பழைய ஃபைல்களை எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் அதை நம்பி வேலை வைக்காதீர்கள்.

இனி லேப்டாப். பின்மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் முதலில் பேட்டரியின் கனெக்டரை எடுத்துவிடுங்கள். பிறகு ரேமைப் பாருங்கள். 2021 லேப்டாப்களில் மூன்று விதம் உண்டு: இரண்டு ஸ்லாட் உள்ளவை, பாதி ரேம் போர்டிலேயே பற்றவைத்துப் பாதி ஸ்லாட்டில் உள்ளவை, முழுவதும் பற்றவைத்தவை. மூன்றாவது விதமென்றால் கையில் எடுக்க ஒன்றுமில்லை. ஸ்லாட்டில் ரேம் குச்சி இருந்தால் லேபிளைப் படியுங்கள். பிசி4 என்று தொடங்கினால் டிடிஆர்4, பிசி5 என்றால் டிடிஆர்5. அந்த வருடத்து லேப்டாப் என்பதால் டிடிஆர்4 ஆக இருக்கவே வாய்ப்பு. எத்தனை ஜிபி என்பதும் அதே லேபிளில் இருக்கும். பக்கத்தில் பபிள்கம் குச்சி மாதிரி ஒரு சின்ன போர்டு இருந்தால் அது எம்.2 எஸ்எஸ்டி. அதன் நீளத்தை ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்: 80 மில்லிமீட்டர் என்றால் 2280, 42 என்றால் 2242, 30 என்றால் 2230. மினி பிசிகள் பெரும்பாலும் 2280 வாங்கும். சிறியவற்றைத் திருகுவதற்கான துளை எல்லா போர்டிலும் இருக்காது. அதன் லேபிளில் என்விஎம்இ (வேகமான புது வகை) என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதே வடிவத்தில் சாட்டா என்ற பழைய வகையும் உண்டு, அதைப் பல புது போர்டுகள் ஏற்பதில்லை.

இங்கே பலரும் தவறும் ஒரு இடம் இருக்கிறது. புதிய லேப்டாப்களில் விண்டோஸ் தானாகவே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும், பிட்லாக்கர் என்பது அதுதான். அந்தச் சாவி லேப்டாப்பின் மதர்போர்டோடு சேர்ந்தது. எஸ்எஸ்டியை வேறு மெஷினில் போட்டதும் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். மகள் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்திருந்தாரோ அந்தக் கணக்கில் அந்தக் கீ சேமிக்கப்பட்டிருக்கும். அதை முதலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவருடைய ப்ராஜெக்ட், போட்டோ எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகல் எடுத்த பிறகே அந்த எஸ்எஸ்டியை ஃபார்மேட் செய்யுங்கள். கீ கிடைக்காவிட்டால் எஸ்எஸ்டி பயன்படும், உள்ளே இருப்பது போனதுதான்.

அடுத்து ரிச்சி தெருக் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி. "ஐ3-1215யூ" என்பது பிராசசரின் பெயர், மெஷினின் பெயர் இல்லை. அந்தப் பிராசசர் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும். எதற்கு ஸ்லாட் வைத்தார்கள் என்பது போர்டு செய்தவரைப் பொறுத்தது. அதனால் மெஷினின் முழு மாடல் எண்ணை வாங்கி, தயாரிப்பாளரின் ஸ்பெசிபிகேஷன் பக்கத்தில் மெமரி என்ற வரியைப் பாருங்கள். உங்கள் கையில் டிடிஆர்4 குச்சி இருந்து, அந்த மெஷின் டிடிஆர்5 வாங்குவதாக இருந்தால் கணக்கே மாறிவிடும். எத்தனை ஸ்லாட் என்பதையும் பாருங்கள், இரண்டு வேண்டும்.

ஏன் இரண்டு? இந்த மெஷினில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, படம் காட்டும் வேலைக்கும் ரேமைத்தான் பயன்படுத்துகிறது. ஒரே குச்சி போட்டால் ஒரே வழியில்தான் தரவு போய்வரும். ஒரே அளவில் இரண்டு போட்டால் இரு வழி. டேலிக்கும் விண்ணப்பத்துக்கும் இது தெரியாது. கோரல்டிராவில் பெரிய ஃபிளெக்ஸ் டிசைனை நகர்த்தும்போது, போட்டோஷாப்பில் பெரிதாக்கிப் பார்க்கும்போது தெரியும். லேப்டாப்பிலிருந்து ஒரு 8 ஜிபி கிடைத்தால் இன்னொரு 8 ஜிபி மட்டும் வாங்கிச் சேருங்கள். வேறு கம்பெனியாக இருந்தாலும் பெரும்பாலும் ஓடும். 2666-ம் 3200-ம் கலந்தால் இரண்டும் 2666 வேகத்தில் போகும், அதனால் நஷ்டம் பெரிதில்லை. 16 ஜிபிக்கு மேல் உங்கள் வேலைக்குத் தேவையில்லை. 8 ஜிபியில் தொடங்கி, கை தாராளமானபோது இரண்டாவதை வாங்கினாலும் தப்பில்லை. ஸ்லாட் காலியாகக் காத்திருக்கும்.

பணக் கணக்குக்கு வருவோம். இருபத்தோராயிரம் என்பதைப் பாதி விலை என்று நினைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, முறையான விண்டோஸ், மானிட்டருக்கு ஒரு கன்வர்ட்டர் எல்லாம் புதிதாக வாங்கினால் மொத்தம் அந்தத் தொகையின் இரண்டு மடங்கை நெருங்கிவிடும். ரேம்தான் இப்போது பெரிய இடி. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை மொத்தமாக வாங்கிக்கொள்வதால் 2025-ன் கடைசி மாதங்களில் ரேம் விலை வேகமாக ஏறியது. குரூஷியல் என்ற பெயரில் கடைகளில் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்தச் சில்லறை வியாபாரத்தையே விட்டு வெளியேறுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே பழைய யூட்யூப் வீடியோவில் சொன்ன ரேம் விலையை வைத்துத் திட்டம் போடாதீர்கள். ஒரே கடையில், ஒரே நாளில், பேர்போன், ரேம், எஸ்எஸ்டி மூன்றுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். அதே கடையில் ரேமும் எஸ்எஸ்டியும் போட்டே வரும் மினி பிசியின் விலையையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பல நேரம் ரெடிமேட்தான் மலிவாக இருக்கும். பெரிய கம்பெனி ரேமை லட்சக்கணக்கில் வாங்கும் விலையும், நீங்கள் ஒரே ஒரு குச்சி வாங்கும் விலையும் ஒன்றாக இருக்க முடியாது.

பேர்போன் லாபமாவது இரண்டு சந்தர்ப்பத்தில்தான். ஒன்று, உங்களைப் போல வீட்டில் ஏற்கெனவே பொருந்தும் ரேமும் எஸ்எஸ்டியும் கிடந்தால். இன்னொன்று, கம்பெனி போட்டுத் தரும் மலிவு எஸ்எஸ்டி வேண்டாம், தரமானதை நானே தேர்ந்து போடுவேன் என்று இருந்தால். மலிவாக வரும் பெயர் தெரியாத ரெடிமேட் மினி பிசிகளில் எஸ்எஸ்டி சீக்கிரம் போவதுண்டு என்பதால் இரண்டாவது காரணத்தையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

விண்டோஸ் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. உங்கள் மூன்றாம் தலைமுறை ஐ3 விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது, இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. வாடிக்கையாளரின் ஆதார் நகலும் பான் விவரமும் வங்கிக் கணக்கும் கைமாறும் கடையில், பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன மெஷினை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆகவே மாற்ற வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரிதான். ஆனால் லேப்டாப்போடு வந்த விண்டோஸ் லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு முடிந்தது, புது மெஷினுக்கு வராது. சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் கிடைக்கும் கீ, ஏதோ ஒரு கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுத்ததைப் பிரித்து விற்பது. இன்று ஆக்டிவேட் ஆகும், எப்போது வேண்டுமானாலும் ரத்தாகலாம். பேர்போன் வாங்குகிறவர்கள் கணக்கில் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்தத் தொகையைத்தான்.

பிராசசர் உங்கள் வேலைக்குப் போதுமா என்றால், தாராளம். ஐ3-1215யூவில் இரண்டு பெரிய கோர் (கணக்குப் போடும் பகுதி), நான்கு சின்ன கோர். உங்கள் பழைய ஐ3-யில் இருப்பது மொத்தமே இரண்டு கோர். கடைக்காரர் இதைவிட மலிவாக என்100 என்ற பிராசசர் போட்ட பெட்டியைக் காட்டலாம். அதில் நான்குமே சின்ன கோர், ரேமுக்கு ஒரே வழி. விண்ணப்பம், டேலி, பிரிண்ட் அடிப்பது மட்டும் என்றால் அது போதும், டிசைன் வேலைக்கு வேண்டாம். ஏஎம்டி ரைசன் காட்டினால் எண்ணைப் பாருங்கள்: 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் வயதைச் சொல்லும். 7520யூ என்பதில் 2, அது பழைய ஜென் 2. 7430யூ என்பதில் 3, அது ஜென் 3. முதல் இலக்கத்தைப் பார்த்து இரண்டும் ஒரே புதுசு என்று நினைத்துவிடக் கூடாது. பற்றவைத்த பிராசசர் என்பதால் பிறகு மாற்ற வழியில்லை, இப்போது எடுக்கும் முடிவுதான் கடைசிவரை.

கடையில் என்னென்ன சொருகியிருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மினி பிசியில் பெரும்பாலும் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட்தான் இருக்கும், உங்கள் மானிட்டர் விஜிஏ. உள்ளே சிப் வைத்த ஆக்டிவ் கன்வர்ட்டர் வாங்குங்கள். ஒரு முனை எச்டிஎம்ஐ, மறு முனை விஜிஏ என்று வெறும் ஒயராக விற்பது வேலை செய்யாது, டிஜிட்டலை அனலாகாக மாற்ற அதில் ஒன்றும் இல்லை. பில் போட டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பழைய அகலமான பேரலல் போர்ட்டில் ஓடுகிறதா? யூஎஸ்பி மாற்றி ஒயர் போட்டால் அச்சு பெரும்பாலும் வரும். ஆனால் பழைய தமிழ் டிடிபி மென்பொருளுக்கான லாக், அதாவது டாங்கிள், அந்தப் போர்ட்டில் இருந்தால் மாற்றி ஒயரில் அது வேலை செய்யாது. அப்படி ஒன்று இருந்தால் மினி பிசி எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட் டிரைவர் மட்டும் உள்ள பழைய பிரிண்டரும் ஸ்கேனரும் நின்றுவிடும். ஃபாக்ஸ்புரோவில் யாரோ எழுதித் தந்த பழைய டாஸ் பில்லிங் நேரடியாக ஓடாது. ஆதார் கைரேகைக் கருவி வைத்திருந்தால் அதை இயக்கும் ஆர்டி சர்வீஸ் என்ற மென்பொருள் விண்டோஸ் 11-க்கு இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். இவை மினி பிசியின் குறை இல்லை, எந்தப் புது மெஷின் வாங்கினாலும் வருபவை. ஆனால் மெஷின் வந்த பிறகு தெரிந்தால் கடையில் இரண்டு நாள் வேலை நின்றுபோகும்.

சீட் கூரை பற்றி எழுதியது நல்லதாயிற்று. மினி பிசியைப் பொறுத்தவரை நம் மாவட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். இணையத்தில் இந்த மெஷின்களைச் சோதித்துப் பார்ப்பவர்கள் இருபத்திரண்டு, இருபத்தைந்து டிகிரி அறையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டும், சீட்டுக்குக் கீழே அதற்கும் மேல். அறை ஒரு டிகிரி சூடானால் பிராசசரும் ஏறக்குறைய ஒரு டிகிரி சூடாகும். அங்கே 80 டிகிரி காட்டிய மெஷின் உங்கள் கடையில் 95-ஐத் தொடும். 1215யூவுக்கு எல்லை 100 டிகிரி. எல்லையை நெருங்கியதும் அது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எரிந்துபோகாது, ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு உங்களுக்கு ஐ3 இருக்காது, பழைய மெஷின் மாதிரியே ஊர்ந்து போகும். எஸ்எஸ்டியும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்தான் வேகிறது.

இதற்குச் செய்யக்கூடியது இருக்கிறது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை) பவர் லிமிட் என்று ஓர் அமைப்பு பல மாடல்களில் உண்டு. தயாரிப்பாளர் 25, 30 வாட் என்று வைத்திருப்பதை 15-க்கு இறக்கினால் சூடு கண்கூடாகக் குறையும், டிடிபி வேலையில் வேகக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. மானிட்டருக்குப் பின்னால் 75 அல்லது 100 மில்லிமீட்டர் வீசா துளைகளில் மாட்ட ஒரு தகடு கொடுப்பார்கள். அங்கே மாட்டினால் இடம் மிச்சம்தான், ஆனால் மானிட்டரின் சூடும் சேரும், சுவரோடு ஒட்டினால் காற்றும் போகாது. மேசையில் நிறுத்தி, காற்று வெளியேறும் பக்கம் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்கவே வேண்டாம். அதன் சூடான காற்றோடு டோனர் தூளும் பேப்பர் தூசியும் வரும். மினி பிசியின் ஹீட்சிங்க்கில் தகடுகள் சீப்புப் பல் மாதிரி நெருக்கமானவை, அந்தத் தூசி கம்பளி போலப் படிந்து அடைத்துக்கொள்ளும். உங்கள் பழைய கேபினட்டில் இரண்டு வருடம் சுத்தம் செய்யாமல் ஓட்டியிருப்பீர்கள். இதில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ப்ளோயர் பிடிக்க வேண்டும். பிடிக்கும்போது ஃபேன் இறக்கையைக் குச்சியால் தடுத்து நிறுத்துங்கள், காற்றில் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் போகும். அந்த ஃபேன் அந்த மாடலுக்கென்றே செய்தது, வேலூர்க் கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும் பொருள் இல்லை.

கரண்ட் விஷயத்தில் மினி பிசிதான் ஜெயிக்கும். அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை வாங்கிக்கொள்ளும் வகை, சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினாலும் மெஷின் அணையாது. மெஷின் 20 வாட், எல்இடி மானிட்டர் 20 வாட் என்று வைத்தால், 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி உள்ள சாதாரண 600 விஏ யூபிஎஸ், பேட்டரி புதிதாக இருந்தால், முக்கால் மணி நேரம் தாங்கும். பாதியில் நிற்கும் விண்ணப்பத்தை முடித்துக் கொடுத்துவிடலாம். லேசர் பிரிண்டரை மட்டும் அந்த யூபிஎஸ்ஸில் சொருகாதீர்கள், டோனரைப் பேப்பரில் உருக்கி ஒட்டும் அதன் ஃபியூசர் சூடாகும்போது இழுக்கும் மின்சாரத்தில் யூபிஎஸ் விழுந்துவிடும். மின்கட்டணச் சேமிப்பு என்று ஆசை காட்டுவார்கள். பழையதைவிட 35 வாட் குறைவு என்று வைத்து, நாளுக்குப் பத்து மணி நேரம், மாதம் 26 நாள் ஓட்டினால் மிச்சம் 9 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றாலும் 90 ரூபாய்தான். அதை நம்பி வாங்க வேண்டாம்.

வாங்கினால் பொருத்துவது கடினமில்லை. அடியில் நான்கு ஸ்க்ரூ. மூடியை வெடுக்கென்று இழுக்காதீர்கள், 2.5 அங்குல டிஸ்க்குக்கான தட்டையான ரிப்பன் அதில் ஒட்டியிருக்கலாம். கிரில்லையோ இரும்பு பீரோவையோ தொட்டு உடம்பின் ஸ்டாடிக்கைப் போக்கிவிட்டு ரேமை எடுங்கள். சாய்வாக, 30 டிகிரி அளவில் நுழைத்து, தங்கப் பற்கள் ஏறக்குறைய மறைந்த பிறகு கீழே அழுத்தினால் இரண்டு பக்கமும் க்ளிக் என்று பிடிக்கும். முழுசாக நுழையாமல் அழுத்துவதுதான் "டிஸ்ப்ளே வரவில்லை" என்று வரும் மெஷின்களில் அதிகம் காணும் தவறு. எஸ்எஸ்டியைத் திருகும் ஸ்க்ரூ மிகச் சின்னது, அதைத் தொலைத்துவிட்டு வேறு நீளமான ஸ்க்ரூ போட்டால் போர்டில் கீறும். அருகில் வைஃபை கார்டில் மாட்டியிருக்கும் இரண்டு மெல்லிய ஒயர்களில் விரல் படாமல் பாருங்கள். எஸ்எஸ்டியின் சூட்டை இறக்கும் தெர்மல் பேட் இருந்தால் அதன் மேல் பிளாஸ்டிக் படலத்தை உரிக்க மறக்காதீர்கள்.

முதல் முறை ஆன் செய்ததும் திரை இருட்டாகவே இருக்கும். டிடிஆர்5 என்றால் ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள்கூட எடுக்கும். பயந்து அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், பொறுத்திருங்கள். விண்டோஸ் நிறுவும்போது எஸ்எஸ்டியே காட்டவில்லை என்றால் அது கெட்டுப்போனது என்று முடிவு கட்டாதீர்கள். இன்டெலின் 11-ஆம் தலைமுறை முதல் டிஸ்க்குகளை நிர்வகிக்கும் விஎம்டி என்ற அமைப்பு ஆன் ஆகியிருந்தால் அப்படி ஆகும். பயாஸில் அதை ஆஃப் செய்யுங்கள், அல்லது இன்டெலின் ஆர்எஸ்டி டிரைவரைப் பென் டிரைவில் வைத்து ஏற்றுங்கள். அடுத்து விண்டோஸ் இன்டர்நெட் கேட்கும், லேன் டிரைவர் இல்லாமல் போகலாம். ஆண்ட்ராய்டு போனை ஒயரில் சொருகி யூஎஸ்பி டெதரிங் போட்டால் பெரும்பாலும் தாண்டிவிடலாம்.

வாரண்டியில் ஒரு சங்கடம் உண்டு. ரெடிமேட் என்றால் ஒரே பில், ஒரே பொறுப்பு. பேர்போனில் பெட்டி ஒரு கம்பெனி, ரேம் இன்னொன்று, எஸ்எஸ்டி மூன்றாவது. மெஷின் ஆன் ஆகவில்லையென்றால் எது கெட்டது என்று கண்டுபிடிக்கும் வேலை உங்களுடையது. சர்வீஸ் சென்டர் எங்கே, மெஷினை அனுப்பினால் எத்தனை நாள் என்று வாங்கும்போதே கேளுங்கள். சென்னை என்று பதில் வந்தால், மெஷின் போய்த் திரும்பும் வரை கடையை எதை வைத்து நடத்துவீர்கள் என்று முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். முன்பு இன்டெல் என்யூசி என்று விற்றது 2023-க்குப் பிறகு ஏசஸ் கைக்கு மாறிவிட்டது. பழைய ஸ்டாக்கைக் காட்டினால் வாரண்டி யார் பார்ப்பார் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

லேப்டாப்பில் ஒன்றும் தேறவில்லை என்றால் உங்கள் முப்பதாயிரத்துக்கு இரண்டு வழி சொல்கிறேன்.

டாங்கிள், டாட் மேட்ரிக்ஸ் போன்ற பழைய சொருகல்கள் இருந்தால், கேபினட்டை வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் மாற்றுங்கள். எச்610 மதர்போர்டு, ஐ3-12100, டெஸ்க்டாப் டிடிஆர்4 ரேம், ஒரு எஸ்எஸ்டி. இந்த வகை போர்டு பலவற்றில் விஜிஏ இருக்கிறது, சிலவற்றில் பேரலல் போர்ட்டுக்கான முள்ளும் உண்டு, வாங்கும்போது பார்த்து எடுங்கள். அதே டாங்கிள் விண்டோஸ் 11-ல் ஓடுமா என்று மென்பொருள் கொடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேபினட்டுக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றிவிடுங்கள், இத்தனை வருடம் ஓடியதை நம்பிப் புது போர்டைக் கொடுக்க வேண்டாம். இதில் எந்தப் பாகம் போனாலும் வேலூரிலேயே அன்றைக்கே வாங்கி மாற்றலாம், பெரிய கேபினட் என்பதால் மே மாத வெயிலையும் தாங்கும்.

அப்படி எதுவும் இல்லையென்றால், கம்பெனிகள் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவா திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி வகையில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட செகண்ட் ஹேண்ட் மெஷின் பாருங்கள். டெல்லில் 3060, 5060, 7060, லெனோவாவில் எம்720க்யூ, எம்920க்யூ, எச்பியில் 800 ஜி4 எல்லாம் எட்டாம் தலைமுறையில் தொடங்குபவை. ரேமும் எஸ்எஸ்டியும் போட்டே வரும். விண்டோஸ் லைசென்ஸ் பெரும்பாலும் போர்டிலேயே பதிந்திருக்கும், ஆக்டிவேட் ஆகிறதா என்று கடையிலேயே காட்டச் சொல்லுங்கள். பயாஸுக்குப் பாஸ்வேர்டு இல்லை என்பதை நீங்களே உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும், அது இருந்தால் மெஷினை வாங்காதீர்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியது, ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். டெல்லுக்கு அதன் சொந்த அடாப்டர் அவசியம். வேறு அடாப்டரை அடையாளம் தெரியாமல் போனால் மெஷின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

லேப்டாப்பிலிருந்து 8 ஜிபி டிடிஆர்4-ம் 2280 என்விஎம்இயும் கிடைத்து, அந்தப் பேர்போனும் டிடிஆர்4 வகையாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கன்வர்ட்டரும் விண்டோஸும் சேர்த்து முப்பதாயிரத்தை ஒட்டி முடியும், இரண்டாவது 8 ஜிபியைத் தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம். லேப்டாப்பில் ரேம் மட்டும் கிடைத்து எஸ்எஸ்டி பொருந்தவில்லை என்றாலும் இழுத்துப் பிடித்து வாங்கலாம். எஸ்எஸ்டி மட்டும் கிடைத்து ரேம் இல்லை என்றால் வேண்டாம், இன்றைய விலையில் ரேம்தான் பட்ஜெட்டைத் தின்னும். மெஷின் வந்ததும் பழையதை உடனே எடைக்குப் போடாமல் ஒரு மாதம் பக்கத்தில் வைத்திருங்கள். எந்த பிரிண்டர் டிரைவர் கிடைக்கவில்லை, எந்தத் தமிழ் ஃபான்ட் பழைய டிஸ்க்கிலேயே தங்கிவிட்டது என்பது முகூர்த்த சீசனில் பத்திரிகை ஆர்டர் வரும்போதுதான் தெரியவரும்.